நகரை வலம் வருவோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன் இம்மேடையில் பேசிய புலவர் பெருமக்கள் இலக்கியக் கடலில் மூழ்கி முத்தெடுத்து வழங்கினர். யானோ பள்ளி இறுதி வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, புகைவண்டித் துறையில் எழுத்தனாகப் பணியாற்றி வருபவன். சரக்குச் சீட்டும் பதிவேடுமே நாள்தோறும் நான் ஓதும் நூல்கள். ஆதலின் நூலால் அறிந்ததை விடுத்து, காலால் அறிந்த ஒன்றைப் பற்றிப் பேசத் துணிந்தேன். நாம் வாழும் இம்மல்லேஸ்வரத்தில் புறப்பட்டு, ஏரிக்கரையும் பூங்காக்களும் வழியாக நகரைச் சுற்றி நடந்து, மீண்டும் இங்கேயே வந்து சேரலாமா என்பதே என் பொருள். சிறு பொருள்தான்; எனினும் நம் முதியோர்களும் குழந்தைகளும் இந்நகரில் வெளியே இறங்கி உலவுவதா, வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதா என்ற பெரிய வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

வலம் வரும் மரபு

சுற்றி நடப்பது தமிழனுக்குப் புதிதன்று. மதுரை மாநகரைப் பாருங்கள். கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி எனச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகளை அமைத்தனர். திருவரங்கத்தில் ஏழு திருச்சுற்றுகள். திருவண்ணாமலையில் மலையையே சுற்றி 14 கிலோமீட்டர் வழி. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் அவ்வழியில் நடக்கின்றனர். கிழவரும் நடக்கின்றனர், கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய தாயரும் நடக்கின்றனர். தொடங்கிய இடத்திலேயே முடியும் பாதையில் நடப்பதில் ஒரு நிறைவு உண்டு. போன வழியே திரும்பும் சலிப்பு அதில் இல்லை.

இம்மரபு கோயிலோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஒரு நகரின் நீர்நிலைகளும் சோலைகளும் அந்நகர மக்கள் அனைவருக்கும் பொதுவானவை. சாதி, சமயம், மொழி என்ற வேறுபாடின்றி எவரும் வலம் வரத்தக்கவை. பெங்களூரு அவ்வகையில் கொடுத்து வைத்த ஊர்.

வழியின் வரலாறு

நம் பேட்டையிலிருந்தே புறப்படுவோம். இப்பகுதிக்குப் பெயர் தந்த காடு மல்லேஸ்வரர் கோயிலை அறியாதார் இல்லை. அதனோடு தொடர்புடையவர் சத்திரபதி சிவாஜியின் தம்பி முறையான வெங்கோஜி. ஏகோஜி என்றும் அவரைச் சொல்வர். அவரது 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இங்கே உள்ளது. அதன்பின் சில ஆண்டுகளில் அவரே தஞ்சையைக் கைக்கொண்டு, அங்கே மராத்தியர் ஆட்சியை நிறுவினார். தஞ்சைத் தரணியிலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்த நம்மில் பலர், அவர் சென்ற வழியைத் திரும்ப நடந்து வந்தோம் எனலாம்!

1898-இல் பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. நெருக்கமான பேட்டைத் தெருக்களில் மக்கள் மடிந்தனர். காற்றும் வெளிச்சமும் உள்ள அகன்ற தெருக்களில் மக்களைக் குடியேற்ற வேண்டும் என்ற உணர்வு அதன்பின் வலுப்பெற்றது. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அவ்வாறு வளர்ந்த பகுதிகள். சம்பிகே சாலை என்றால் செண்பகச் சாலை. மார்கோசா சாலை என்றால் வேப்பஞ்சாலை. தெருவுக்கு மரத்தின் பெயரை இட்டவர்கள், மர நிழலில் மனிதன் நடப்பான் என்று எண்ணியே இட்டிருப்பர்.

பதினெட்டாவது குறுக்குத் தெருவைக் கடந்தால் சாங்கி ஏரி. 1882-இல் கர்னல் ரிச்சர்ட் சாங்கி என்ற பொறியாளர் அமைத்தது. தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடும் பஞ்சம் மைசூர் நாட்டையும் வாட்டியது. மீண்டும் அத்தகைய தண்ணீர்த் தட்டுப்பாடு நேராதிருக்க எடுத்த முயற்சிகளில் இவ்வேரியும் ஒன்று. ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்பு. கரையைச் சுற்றி வந்தால் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் அளவு வரும். காலை ஐந்தரை மணிக்கே அங்கு கூட்டம். கன்னடம், தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி ஆகிய மொழிகள் யாவும் அக்கரையில் ஒரே திசையில் நடக்கின்றன!

அங்கிருந்து தெற்கே பாஷ்யம் வட்டம், பேலஸ் குட்டஹள்ளி, கோல்ஃப் திடல் ஆகியவற்றைக் கடந்து விதான சௌதாவை அடையலாம். எதிரே செந்நிறக் கட்டடமாக நிற்பது அட்டாரா கச்சேரி, இன்று உயர்நீதிமன்றம். அதன் பின்புறம் விரிகிறது கப்பன் பூங்கா. 1870-இல் அதே சாங்கியின் திட்டப்படி உருவானது. தொடக்கத்தில் 100 ஏக்கர். பின்னர் விரிந்து ஏறத்தாழ 300 ஏக்கர் ஆயிற்று. 1927-இல் சாமராஜேந்திரப் பூங்கா என்று பெயர் மாற்றப்பட்டும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. பூங்காவின் நடுவே சேஷாத்திரி ஐயர் நினைவு மண்டபம் உள்ளது. 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்து, ஹெசரகட்டாவிலிருந்து குழாய்வழிக் குடிநீரும், சிவசமுத்திரத்து மின்னாற்றல் திட்டமும் இந்நாட்டுக்குக் கிடைக்கப் பாடுபட்டவர் அவர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றியவர். வந்த நாட்டுக்கு வாழ்வளித்த அப்பெரியாரை நாம் முன்மாதிரியாகக் கொள்ளத் தகும்.

கப்பன் பூங்காவிலிருந்து தெற்கு நோக்கி மூன்று, நான்கு கிலோமீட்டர் நடந்தால் லால்பாக். 1760-இல் ஹைதர் அலி தொடங்கியது. திப்பு சுல்தான் வளர்த்தது. 240 ஏக்கர் பரப்பு. கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1908 முதல் 1932 வரை தோட்டங்களின் மேற்பார்வையாளராக இருந்தவர் ஜெர்மனி நாட்டவரான கிரும்பிகல். ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் மற்றொரு மரம் பூக்குமாறு சாலைகளில் நட்டு, ஆண்டு முழுதும் நகரில் மலர் இருக்கும்படி செய்தார். லால்பாக்கிலுள்ள பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடையது. இமயமலை பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அது இருந்தது. அதன் உச்சியில் கெம்பேகவுடர் பெயரால் வழங்கும் கோபுரம் ஒன்று உண்டு. அங்கே நின்று நோக்கினால் நகரம் நாற்புறமும் தெரியும்.

லால்பாக்கின் மேற்கு வாயிலில் வெளிப்பட்டு, பசவனகுடி, சாமராஜப்பேட்டை, சிக்பேட்டை, மெஜஸ்டிக், சேஷாத்திரிபுரம் வழியாக மல்லேஸ்வரம் திரும்பலாம். ஏரிக்கரையையும் பூங்காக்களின் உட்பாதைகளையும் சேர்த்தால் இச்சுற்று இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்படும். திருவண்ணாமலைச் சுற்றைவிடப் பெரிது. அவ்வளவும் நடக்க இயலாதவர் லால்பாக் வரை நடந்து, அங்கே மெட்ரோ வண்டியில் ஏறினால் ஐந்தாவது நிலையமே நம் சம்பிகே சாலை.

அறுபட்ட வழி

அன்பர்களே, மேலே நான் சொன்ன வழி வரைபடத்தில் அழகானது. காலுக்கோ அது அறுபட்ட வழி. ஏரிக்கரைக்குள் நடை இனிது. பூங்காவுக்குள் நடை இனிது. ஒரு பூங்காவுக்கும் அடுத்த பூங்காவுக்கும் இடையே உள்ள நடைபாதையில்தான் துன்பம். ஓரிடத்தில் கல் பெயர்ந்து சாக்கடை வாய் பிளந்து நிற்கிறது. ஓரிடத்தில் மின்மாற்றிப் பெட்டி வழியை மறிக்கிறது. மற்றோரிடத்தில் மோட்டார் சைக்கிள் நடைபாதை மேலேறி வருகிறது. நடப்பவன் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது. நாற்சந்தியில் பச்சை விளக்கு கண் சிமிட்டும் நேரத்துக்குள் இளைஞன் ஓடிக் கடக்கலாம். முதியவள் கடக்க முடியுமா?

என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். என் தந்தையார் மறைந்தபின் அன்னையாரைக் கும்பகோணத்திலிருந்து அழைத்து வந்தேன். எழுபது வயதைக் கடந்தவர். அங்கே மாலைதோறும் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்து பழகியவர். "இங்கும் ஒரு ஏரி இருக்கிறது அம்மா, சுற்றி வரலாம்" என்றேன். பத்து நாள் சென்றார். பதினோராம் நாள் வழியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு மூடுகல்லில் கால் வைத்து விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் துணிவு முறிந்தது. இரண்டு மாதம் வாயிற்படி தாண்டவில்லை. "இந்த ஊரிலே எனக்குக் காலே இல்லையடா தம்பி" என்று ஒரு நாள் சொன்னார். ஏரி எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடைதான். ஆனால் அவருக்கு அது கும்பகோணத்தைவிடத் தொலைவாகிவிட்டது.

அவரை மீண்டும் வெளியே அழைத்துச் சென்றவர் எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடப் பெரியவர். ஓய்வு பெற்ற ஆசிரியர். "பன்னி அம்மா, நான் வேறு வழி காட்டுகிறேன்" என்று கன்னடமும் தமிழும் கலந்து கூறி, பெருஞ்சாலையைத் தவிர்த்துக் குறுக்குத் தெருக்கள் வழியாக ஒரு பாதையைக் கண்டு வைத்தார். அவரும் அவர் மனைவியாரும் என் அன்னையாரும் இப்போது மூவராகச் செல்கின்றனர். எனினும் ஒன்று கேட்கிறேன். அத்தகைய அண்டை வீட்டார் அமையப் பெறாத அன்னையர் எத்தனை பேர் இந்நகரில் சன்னல் ஓரத்தில் அமர்ந்திருக்கிறார்கள்?

இருப்புப் பாதை கற்பிக்கும் பாடம்

என் தொழிலில் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. பாதை என்பது தொடர்ச்சி. நூறு மைல் தண்டவாளம் இட்டு, இடையில் சிறிது விட்டுவிட்டால், அது நூறு மைல் பாதை ஆகாது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்படும் வரை இராமேஸ்வரத்துக்கு வண்டி இல்லை. தண்டவாளம் சென்னையிலிருந்து கடற்கரை வரை பழுதின்றி இருந்தது. தீவிலும் நிலையம் இருந்தது. இடையில் இருந்தது இரண்டு கிலோமீட்டர் கடல் மட்டுமே. அந்த இரண்டு கிலோமீட்டர், ஒரு தீவையே இருப்புப் பாதையிலிருந்து அறுத்து வைத்தது.

நடைபாதைக்கும் இதுவே விதி. அதன் வலிமை அதன் நீளத்தில் இல்லை, அறுபடாமையில் இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவிட்டுப் பூங்காவை அழகு செய்தாலும், அதன் வாயிலுக்குச் செல்லும் இருநூறு அடி நடைபாதை உடைந்திருந்தால், அப்பூங்கா காரில் வருபவனுக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது.

உலகம் இதை உணர்ந்து செயற்படுகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஓல்ம்ஸ்டெட் என்னும் பூங்கா அமைப்பாளர், ஏறத்தாழ 1100 ஏக்கர் பசும்பரப்பை மணிகோத்தாற்போல ஒன்றாக இணைத்தார். மரகத மாலை என்று அதற்குப் பெயர். அட்லாண்டா நகரில் பயனற்றுக் கிடந்த இருப்புப் பாதைகளை இணைத்து நகரைச் சுற்றி 22 மைல் வளையமாக நடைவழி அமைக்கலாம் என்று 1999-இல் ஒரு மாணவர் தம் பட்ட ஆய்வில் எழுதினார். அவ்வேட்டில் தோன்றிய எண்ணம் இன்று பகுதி பகுதியாக நிலத்தில் உருப்பெற்று வருகிறது.

நம்மவர் வாழும் சிங்கப்பூரைச் சொல்லாமல் விடலாகாது. பூங்காவையும் பூங்காவையும் இணைக்கும் நடைவழிகளை 1990-களின் தொடக்கம் முதல் அவர்கள் அமைத்து வருகின்றனர். இன்று அவற்றின் நீளம் 300 கிலோமீட்டருக்கும் மேல். கால்வாய்க் கரைகளையும் சாலையோர நிலங்களையும் அதற்குப் பயன்படுத்தினர். 2011-இல் தஞ்சோங் பகாருக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே மலாயாப் புகைவண்டி ஓடிய பழைய பாதை சிங்கப்பூர் வசமாயிற்று. அதனைக் கூறுபோட்டு விற்காமல், 24 கிலோமீட்டர் நீளப் பசுமை வழியாகக் காத்தனர். மலாயாவின் இருப்புப் பாதைகளில் வியர்வை சிந்திய தமிழ்த் தொழிலாளர் பலர். அப்பாதைகளுள் ஒன்று இன்று மக்கள் உலவும் சோலையாக மாறியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

நம் நகரிலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. மெஜஸ்டிக் பகுதியிலிருந்து பெல்லந்தூர் ஏரியை நோக்கிச் செல்லும் பழைய ராஜகால்வாய், நாற்றமெடுத்த சாக்கடையாக இருந்தது. கே-100 என்ற பெயரில் அதைத் தூய்மை செய்து, கரையில் மக்கள் நடக்க வழி அமைக்கும் பணி 2020-களில் மேற்கொள்ளப்பட்டது. இவ்வூர் முன்னோர் ஏரியிலிருந்து ஏரிக்கு நீர் செல்லக் கால்வாய் வெட்டினர். தருமாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று. ஏரிகள் போயினும் கால்வாய்களில் பல இன்னும் உள்ளன. நீர் சென்ற வழியே மனிதரும் செல்லலாம் என்று கண்டது நல்ல அறிவு.

காத்தல் நம் கடன்

இருக்கும் நிழலும் தானாக நிலைத்திருப்பதில்லை. 2011-இல் சாங்கி சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்ட முற்பட்டபோதும், 2023-இல் ஏரிக்கரையை ஒட்டி மேம்பாலம் கட்டும் திட்டம் எழுந்தபோதும், மல்லேஸ்வரத்து மக்களும் சதாசிவநகர் மக்களும் வீதிக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். வண்டிகளுக்கு வழி வேண்டாம் என்பார் எவரும் இலர். நானே போக்குவரத்துத் துறையில் ஊதியம் பெறுபவன். ஆனால் வண்டிக்கு ஒரு கணக்கும் காலுக்கு ஒரு கணக்கும் எழுதுவது முறையன்று என்பதே அவர்கள் கேட்ட நியாயம்.

சட்டமும் நடப்பவன் பக்கம் நிற்கிறது. தடையற்ற நடைபாதை மக்களின் உரிமை. அது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் கூறியது. நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைக் கழகத்தின் விதிமுறை சொல்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கிச் செல்லத்தக்க அகலம் அது. சட்டம் உண்டு, அளவு உண்டு. நினைவூட்டுவோர் தாம் குறைவு.

இடர்ப்பாடு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் கூறிய சுற்றுவழி ஒருவர் கையில் இல்லை. கப்பன் பூங்காவும் லால்பாக்கும் மாநிலத் தோட்டக்கலைத் துறையைச் சார்ந்தவை. நடைபாதை மாநகராட்சியைச் சார்ந்தது. நாற்சந்தி விளக்கு காவல் துறையைச் சார்ந்தது. 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டதால், இச்சுற்றில் நடப்பவன் ஒன்றுக்கு மேற்பட்ட மாநகராட்சிகளின் எல்லைகளைக் கடக்கிறான். ஆயினும் இது தீராத சிக்கலன்று. பெங்களூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் வண்டி இரண்டு மண்டலங்களின் ஆட்சிக்குட்பட்ட பாதையில் ஓடுகிறது. எல்லையில் பயணியை இறக்கிவிட்டு, "இனி எங்கள் பொறுப்பன்று" என்று எவரும் சொல்வதில்லை. வண்டியைக் கைமாற்றிக் கொடுக்கவும் வாங்கவும் ஒரு முறை இருக்கிறது. நடப்பவனுக்கும் அத்தகைய முறை ஒன்று வேண்டும் என்றே நாம் கேட்கிறோம்.

நாம் செய்யத்தக்கவை

பேச்சோடு நின்றால் பயனில்லை. ஆதலின் மூன்று வேண்டுகோள்களைச் சங்கத்தின் முன் பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது: மாதம் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சங்க உறுப்பினர்கள் குடும்பத்தோடு கூடி, இச்சுற்றுவழியின் ஒரு பகுதியை நடப்போம். மல்லேஸ்வரம் முதல் கப்பன் பூங்கா வரை ஒரு மாதம். அங்கிருந்து லால்பாக் வரை மறு மாதம். லால்பாக்கிலிருந்து வீடு திரும்பும் வழி மூன்றாம் மாதம். ஞாயிறன்று கப்பன் பூங்காவின் உட்சாலைகளில் வண்டிகள் ஓடா. குழந்தைகள் அச்சமின்றி ஓடலாம். நடக்கும்போது முதியவர் நடையே கூட்டத்தின் நடையாக இருக்கட்டும்.

இரண்டாவது: நடக்கும்போது ஒருவர் கையில் குறிப்பேடு இருக்கட்டும். எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்துக்கு எதிரில், எத்தனை அடி நீளம் பாதை உடைந்துள்ளது, எந்தச் சந்தியில் கடக்க நேரம் போதவில்லை என்று எழுதிக்கொள்வோம். இப்பணிக்குப் பெரும்படிப்பு வேண்டுவதில்லை. காணாமற்போன ஒரு மூட்டையைக் கண்டுபிடிக்க எழுத்தன் செய்வதும் இதுவே. எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, எங்கே அறுந்தது என்று வரிசையாக எழுதினால் விடை தானே வெளிப்படும். பொதுவாகக் குறை கூறும் மனுவைவிட, இடமும் அளவும் குறித்த மனுவுக்கு வலிமை மிகுதி.

மூன்றாவது: இதனை நாம் மட்டும் செய்யலாகாது. நம் தெருவிலுள்ள கன்னட நண்பர்களையும், குடியிருப்போர் சங்கங்களையும் உடன் அழைப்போம். மனு கன்னடத்தில் எழுதப்படட்டும். அதற்காகவேனும் நம் பிள்ளைகள் கன்னடம் எழுதப் படிக்க நன்கு பயிலட்டும். வந்த ஊரின் மண்ணை மிதித்து நடந்தவனுக்கே அவ்வூர் சொந்த ஊராகும். வண்டிக்குள் அமர்ந்து கடந்து செல்பவனுக்கு எந்த ஊரும் வழியூரே.

பெருமக்களே! தாய்நாட்டை விட்டு வந்த நாம் ஆண்டுக்கு ஒருமுறை இம்மண்டபத்தில் கூடித் தமிழ் வளர்க்கிறோம். மிக நன்று. அத்தமிழைக் காலை வெயிலில், சாங்கி ஏரிக்கரையிலும், கப்பன் பூங்காவின் மூங்கில் நிழலிலும், லால்பாக் பாறையிலும் பேசிக்கொண்டே நடப்போம். பேரனுக்குப் பாட்டி கதை சொல்ல அதைவிட நல்ல இடம் ஏது? அடுத்த ஆண்டு விழாவில், நாம் குறித்துக் கொடுத்த குறைகளுள் ஒன்றேனும் தீர்ந்தது என்று செயலாளர் தம் அறிக்கையில் படிக்கும் நாளை எதிர்நோக்குகிறேன். ஒரு கல் சரியாகப் பதிக்கப்பட்டாலும், அதன் மேல் ஆயிரம் பேர் அச்சமின்றி அடி வைப்பர்.



வளர்க தமிழ்! வாழ்க கன்னட நாடு! வெல்க நம் சங்கம்! வணக்கம்.